கதவைத் தட்டிப் பார்க்கும் புரோகிராம்

லாலாகுடாவில் வாழும் நம்மவர் வீடுகளில் பண்டிகைக்கு முந்தைய நாட்களில் ஒரு சடங்கு தவறாமல் நடக்கும். காலை 9.50-க்கே ஒருவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவார். இன்னொருவர் கைபேசியும் கையுமாக நிற்பார். 10 மணிக்குக் குளிர்சாதன வகுப்புகளுக்கான தட்கல் திறக்கும். 11 மணிக்கு ஸ்லீப்பர் வகுப்பு. பெயர், பாஸ்வேர்டு, காப்ச்சா என்று ஒவ்வொரு கட்டத்தையும் தாண்டி உள்ளே போவதற்குள் இருந்த இடமெல்லாம் தீர்ந்து, திரையில் வெயிட்டிங் லிஸ்ட் சிரித்துக்கொண்டிருக்கும். அப்புறம் என்ன, சம்பந்தி வீட்டுக்குப் போன் போட்டு, "இந்தப் பொங்கலுக்கு வர முடியாது போலிருக்கிறது" என்று சொல்ல வேண்டியதுதான்.

ரயிலை நம்பி இங்கே வந்து குடியேறிய குடும்பங்கள் நம்மில் பல. நிஜாம் ஆட்சிக் காலத்து ரயில்வே 1893-இல் லாலாகுடாவில் அமைத்த பெட்டிப் பட்டறையில் தாத்தா வேலை பார்த்திருப்பார். 1966-இல் தென் மத்திய ரயில்வே உருவான பிறகு அப்பா சேர்ந்திருப்பார். பேரப்பிள்ளைகளோ 1998-இல் சைபர் டவர்ஸ் திறந்தது முதல் வளர்ந்துகொண்டே போகும் ஹைடெக் சிட்டிக்குப் பஸ் ஏறுகிறார்கள். என் வீட்டுக் கதையும் இதுவேதான். நான் பட்டறையில் இருந்து ஓய்வு பெற்றவன். என் மகள் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சோதனைப் பிரிவில் இருக்கிறாள்.

சென்ற மார்கழியில் எங்கள் தெருப் பையன் ஒருவன், பொறியியல் இறுதியாண்டு படிப்பவன், அவளைத் தேடி வந்தான். "அக்கா, நீங்க ஆபீஸ்ல லாகின் டெஸ்ட் எல்லாம் ஆட்டோமேட் பண்றீங்கல்ல, அதே மாதிரி தட்கலுக்கு ஒண்ணு எழுதணும். ஒருத்தர் டிக்கெட்டுக்கு இவ்வளவுன்னு பணம் தர்றேங்கறார். கொஞ்சம் சொல்லித் தர்றீங்களா?" என்று கேட்டான்.

அவள் அவனைத் திட்டவில்லை. உட்காரச் சொல்லி, முதலில் அந்தக் கலை எது, எதற்காக உண்டானது என்று விளக்கினாள். பக்கத்தில் காபி குடித்துக்கொண்டிருந்த எனக்கும் அது புரிந்தது. பட்டறைக்காரனுக்கே புரிந்தது என்றால் நம் சங்க அன்பர்கள் எல்லோருக்கும் புரியும் என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

லாகின் என்னும் வாசற்கதவு

வங்கி, மின்கட்டணம், கல்லூரி, ஆஸ்பத்திரி, ரயில் எதுவாக இருந்தாலும் இணையதளத்துக்கு ஒரு வாசற்கதவு உண்டு. பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்தால் அந்தத் தளத்தின் சர்வர் இரண்டையும் தன்னிடம் உள்ள பதிவோடு ஒத்துப் பார்க்கிறது. முறையாக அமைக்கப்பட்ட தளத்தில் பாஸ்வேர்டு அப்படியே எழுதி வைக்கப்பட்டிருக்காது. அதை அரைத்து மாவாக்கியது போல ஒரு குறியீடாக மாற்றி வைத்திருப்பார்கள். மாவில் இருந்து மறுபடி அரிசியை எடுக்க முடியாது. நாம் தருவதையும் அதே முறையில் அரைத்து, இரண்டு மாவும் ஒன்றா என்று பார்ப்பார்கள். ஒன்றாக இருந்தால் ஒரு டோக்கன் தரப்படும். கல்யாண வீட்டில் சாப்பாட்டு டோக்கன் வைத்திருப்பவர் பந்திக்குப் போவது போல, அந்த டோக்கன் இருக்கும் வரை ஒவ்வொரு பக்கத்திலும் மறுபடி பெயர் கேட்கமாட்டார்கள். அதற்குக் ‘குக்கி’ என்று பெயர். லாக் அவுட் செய்தால் டோக்கன் செல்லாததாகிவிட வேண்டும்.

இந்தக் கதவு இரண்டு வேலைகளைச் சரியாகச் செய்தாக வேண்டும். உரியவரை உள்ளே விட வேண்டும். உரிமையில்லாதவரை வெளியே நிறுத்த வேண்டும். ஒன்று தவறினால் வாடிக்கையாளருக்குக் கோபம் வரும். மற்றொன்று தவறினால் அவருடைய பணமே போய்விடும்.

ஏன் ஒவ்வொரு முறையும் சோதிக்க வேண்டும்?

காலமுறைப் பழுதுபார்ப்புக்குப் பட்டறைக்கு வரும் பெட்டி வெளியே போகும் முன் பிரேக் சோதனை உண்டு. பிரேக் குழாயில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ அழுத்தம் ஏற்றி, பிரேக் பிடிக்கிறதா என்று பார்ப்பார்கள். அதோடு முடிந்துவிடாது. பிடித்த பிரேக் விடுகிறதா, எங்காவது காற்று கசிகிறதா என்பதையும் பார்த்தாக வேண்டும். "இந்தப் பெட்டியில் ஜன்னலை மட்டுந்தானே மாற்றினோம், பிரேக்கை எதற்குப் பார்ப்பது?" என்று யாரும் கேட்கமாட்டார்கள். பார்க்காமல் பெட்டி வெளியே போகாது, அவ்வளவுதான்.

மென்பொருளிலும் இதே கதைதான். ஒரு இணையதளத்தை வாரத்துக்கு ஒருமுறையோ, சில இடங்களில் நாளுக்குப் பலமுறையோ மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். யாரோ ஒருவர் முகப்புப் பக்கத்தின் நிறத்தை மாற்றியிருப்பார். அதன் விளைவாக லாகின் பொத்தான் அழுத்தினாலும் அசையாமல் போயிருக்கும். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் மனிதர் ஒருவர் உட்கார்ந்து முப்பது வகையாகப் பெயரும் பாஸ்வேர்டும் அடித்துப் பார்க்க வேண்டும் என்றால், முதல் நாள் ஒழுங்காகச் செய்வார். பத்தாம் நாள் ஐந்தைப் பார்த்துவிட்டு முப்பதும் பார்த்ததாக டிக் போடுவார். சலிப்பு மனித குணம். சலிப்பே இல்லாத ஒரு கை தேவைப்பட்டது.

செலீனியம் பிறந்த கதை

அந்தக் கை 2004-இல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் பிறந்தது. தாட்வொர்க்ஸ் நிறுவனத்தில் ஜேசன் ஹக்கின்ஸ் என்பவர், ஊழியர்கள் வேலை நேரத்தையும் செலவுக் கணக்கையும் பதிவு செய்யும் ஓர் உள் தளத்தைச் சோதிக்க வேண்டியிருந்தது. திரும்பத் திரும்பக் கையால் சோதித்து அலுத்துப்போய், பிரௌசரைத் தானே இயக்கும் ஒரு புரோகிராமை எழுதினார். அக்காலத்தில் சோதனை மென்பொருள் விற்பனையில் பெரிய கை மெர்க்குரி என்னும் நிறுவனம். மெர்க்குரி என்றால் பாதரசம். பாதரச நஞ்சுக்குச் செலீனியம் மாற்று என்று ஒரு பேச்சு உண்டு. வேடிக்கையாக வைத்த அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. மெர்க்குரியை 2006-இல் ஹெச்.பி. நிறுவனம் வாங்கிக்கொண்டது, செலீனியமோ இன்றும் யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தும் திறந்த மென்பொருளாக இருக்கிறது.

பின்னர் சைமன் ஸ்டூவர்ட் என்பவர் வெப்டிரைவர் என்ற வேறொரு வழியைக் கண்டார். இரண்டும் இணைந்து 2011-இல் செலீனியத்தின் இரண்டாம் பதிப்பாக வெளிவந்தன. 2018 ஜூனில், வலையின் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு வெப்டிரைவரை அதிகாரபூர்வமான தரமாக ஏற்றுக்கொண்டது. ரயில் பாதையின் அகலத்தை நாடு முழுவதும் ஒன்றாக்கினால் எந்த வண்டியும் எங்கும் ஓடுவது போல, ஒரு முறை எழுதிய சோதனை குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் சஃபாரியிலும் ஓட வழி ஏற்பட்டது. இப்போது 2017-இல் வந்த பப்பட்டியர், 2020-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட பிளேரைட் என்று தம்பிகளும் வந்துவிட்டார்கள். அடிப்படைக் கருத்து எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

இயங்கும் விதம்

இதில் மூன்று பாத்திரங்கள். முதலாமவர் நாம் எழுதும் சோதனை. ஜாவா, பைத்தான் போன்ற பல மொழிகளில் எழுதலாம். மூன்றாமவர் பிரௌசர். இருவருக்கும் நடுவில் ‘டிரைவர்’ என்ற மொழிபெயர்ப்பாளர் இருக்கிறார். சோதனை, "இந்தப் பக்கத்தைத் திற" என்று ஒரு செய்தி அனுப்புகிறது. டிரைவர் அதைப் பிரௌசருக்குப் புரியும்படிச் சொல்லி, நடந்ததைத் திருப்பிச் சொல்கிறார். இப்படி ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு பதில். பார்ப்பவர் கண்ணுக்கு, ஆளில்லாமலே பக்கம் திறப்பதும் எழுத்துக்கள் விழுவதும் பொத்தான் அழுந்துவதும் பேய் வேலை போலத் தெரியும்.

பெயர் எழுதும் கட்டம் எது, பாஸ்வேர்டு கட்டம் எது என்று புரோகிராமுக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு பக்கமும் ஹெச்.டி.எம்.எல். என்னும் மொழியில் எழுதப்பட்டது. அதில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஐ.டி. என்ற தனி அடையாளம் கொடுக்கலாம். அது இருந்தால் கவலையில்லை. இல்லாவிட்டால், "மூன்றாவது பெட்டிக்குள் இரண்டாவது வரிசையில் உள்ள முதல் கட்டம்" என்று வழி சொல்லித் தேட வேண்டும். இதற்கு எக்ஸ்பாத் என்று பெயர். ஒருவரை வீட்டு எண் சொல்லித் தேடுவதற்கும், "பிள்ளையார் கோயில் தாண்டி மூன்றாவது வீடு" என்று தேடுவதற்கும் உள்ள வித்தியாசந்தான். நடுவில் ஒரு வீடு புதிதாக முளைத்தால் இரண்டாவது ஆள் வழி தவறிவிடுவார். ஆகவே தளத்தை எழுதுபவரிடமே முன்கூட்டிப் பேசி, முக்கியமான கட்டங்களுக்கு மாறாத அடையாளம் கொடுக்கச் சொல்வது நல்லது.

ஒரு சோதனையின் நடை

லாகின் சோதனை ஒன்றைத் தமிழில் எழுதினால் இப்படி இருக்கும்:

1. பிரௌசரைத் திற. பழைய குக்கி எதுவும் இல்லாத புதுப் பிரௌசராக இருக்கட்டும்.
2. லாகின் பக்கத்துக்குப் போ.
3. பெயர்க் கட்டத்தைக் கண்டுபிடித்து, சோதனைக் கணக்கின் பெயரை எழுது.
4. பாஸ்வேர்டு கட்டத்தில் அதன் பாஸ்வேர்டை எழுது.
5. லாகின் பொத்தானை அழுத்து.
6. உள்ளே போனவருக்கு மட்டுமே தெரியக்கூடிய ஒன்று திரையில் தோன்றும் வரை காத்திரு.
7. அது தோன்றினால் வெற்றி. குறித்த நேரத்துக்குள் தோன்றாவிட்டால் தோல்வி. தோல்வி என்றால் திரையைப் படம் எடுத்து வை.
8. எதுவானாலும் கடைசியில் பிரௌசரை மூடு.

இதில் உயிர்நாடி ஆறாவது படி. எங்கள் தெருப் பையன் முதலில் சறுக்கியதும் அங்கேதான். பழகுவோருக்கென்றே ‘தி இன்டர்நெட்’ என்ற பெயரில் ஒரு பயிற்சித் தளம் இருக்கிறது. அதன் லாகின் பக்கத்திலேயே பெயரும் பாஸ்வேர்டும் எழுதியிருக்கும். யார் வேண்டுமானாலும் உள்ளே போய்ப் பழகலாம். மகள் அவனை அதில் ஒரு சோதனை எழுதச் சொன்னாள். அரை மணியில் எழுதி ஓட்டினான். பச்சை விளக்கு எரிந்தது. அவனுக்கு ஒரே சந்தோஷம்.

அவள் ஒன்றும் பேசாமல் அவனுடைய புரோகிராமில் பாஸ்வேர்டை மட்டும் தப்பாக மாற்றி மறுபடி ஓட்டினாள். மறுபடியும் பச்சை விளக்கு!

பையன் விழித்தான். பார்த்தால், பக்கத்தின் தலைப்பு ‘தி இன்டர்நெட்’ என்று இருக்கிறதா என்று மட்டும் அவன் சோதித்திருந்தான். அந்தத் தளத்தில் உள்ளே போனாலும் போகாவிட்டாலும் தலைப்பு அதேதான். "தோற்கவே முடியாத சோதனை சோதனையே இல்லை. எழுதினதும் ஒரு தடவை வேணும்னே தோற்கடிச்சுப் பார்" என்றாள் அவள். அந்தக் காலத்தில் எங்கள் மேஸ்திரி அழுத்தமானியை நம்பும் முன் காற்றைத் திறந்துவிட்டு முள் இறங்குகிறதா என்று பார்ப்பார். எனக்கு அவர் நினைவு வந்தது.

எவற்றையெல்லாம் தட்டிப் பார்ப்பது?

சரியான பெயரும் சரியான பாஸ்வேர்டும் கொடுத்து உள்ளே போவது ஒரே ஒரு சோதனை. மற்றவை எல்லாம் கதவு மூடியே இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைகள். சரியான பெயருடன் தவறான பாஸ்வேர்டு, இல்லாத பெயர், இரண்டும் காலி, பாஸ்வேர்டில் பெரிய எழுத்தைச் சின்ன எழுத்தாக மாற்றுவது, பெயருக்குப் பின்னால் தெரியாமல் விழுந்த ஓர் இடைவெளி, மிக நீண்ட பாஸ்வேர்டு, தமிழ் எழுத்துக்கள். ஒற்றை மேற்கோள் குறியைச் சேர்த்து எழுதி, சர்வரின் தரவுத்தளத்தையே ஏமாற்றப் பார்ப்பது பழைய திருட்டு வழி. அதையும் ஒரு கை பார்க்க வேண்டும். லாக் அவுட் செய்த பிறகு ‘பேக்’ பொத்தானை அழுத்தி, ஏதாவது ஓர் இணைப்பைத் தொட்டால் உள்ளே விடுகிறதா என்பதும் முக்கியம். இன்டர்நெட் சென்டரில் வங்கிக் கணக்கு பார்த்துவிட்டு எழுந்து வந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

தவறான விவரம் கொடுத்தால் தளம் என்ன சொல்கிறது என்பதையும் படிக்க வேண்டும். மேலே சொன்ன பயிற்சித் தளம், பெயர் தவறு என்றும் பாஸ்வேர்டு தவறு என்றும் தனித்தனியாகச் சொல்லும். பழகுவதற்கு அது வசதி. ஆனால் உண்மையான தளம் அப்படிச் சொல்லக்கூடாது. "பாஸ்வேர்டு தவறு" என்றால், "பெயர் சரி, இன்னும் முயற்சி செய்" என்று திருடனுக்குச் சொன்னதாகிவிடும். "பெயர் அல்லது பாஸ்வேர்டு தவறு" என்ற பொதுவான பதிலே பாதுகாப்பானது.

பல தடவை தவறாக அடித்தால் கணக்கு பூட்டப்பட வேண்டும் என்பதும் ஒரு சோதனை. இதற்குத் தனிக் கணக்கு ஒன்று வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். இல்லாவிட்டால் இந்தச் சோதனை பூட்டிய கணக்கை அடுத்த சோதனை திறக்கப் பார்த்து, எல்லாமே சிவப்பாகிவிடும்.

காத்திருக்கத் தெரிய வேண்டும்

புதிதாக எழுதுவோரைப் படுத்தி எடுப்பது நேரம். மனிதர் பொத்தானை அழுத்திவிட்டுப் பக்கம் வரும் வரை பார்த்திருப்பார். புரோகிராமுக்கு அந்தப் பொறுமை கிடையாது. அழுத்திய மறுகணம் தேடி, "காணவில்லை" என்று கைவிரித்துவிடும். அதற்காக "5 விநாடி தூங்கு" என்று எழுதிவைப்பது பலர் செய்யும் தவறு. நெட் வேகமாக இருந்தால் நான்கு விநாடி வீண். மெதுவாக இருந்தால் ஐந்தும் போதாது. "இன்னது தோன்றும் வரை காத்திரு, அதிகபட்சம் 10 விநாடி" என்று எழுதுவதே முறை. ஸ்டேஷனுக்குப் போகிறவர் வண்டி எப்போது வந்தாலும் வந்தவுடன் ஏறிக்கொள்வது போல.

இன்னும் இரண்டு குறிப்புகள். சோதனைக் கணக்கின் பாஸ்வேர்டைக்கூடப் புரோகிராமுக்குள் எழுதிவைக்கக் கூடாது; அந்தப் புரோகிராம் பலர் பார்க்கும் பொதுக் கிடங்கில் போய் உட்காரும். பாஸ்வேர்டு வேறிடத்தில் இருக்க, ஓடும் நேரத்தில் மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். மற்றொன்று, ஆயிரம் சோதனைகள் இருந்தால் ஆயிரம் தடவையும் லாகின் திரை வழியாகவே போக வேண்டியதில்லை. வாசற்கதவைச் சில சோதனைகள் நன்றாகத் தட்டிப் பார்க்கட்டும். மற்றவை ஒரு முறை பெற்ற குக்கியை வைத்துக்கொண்டு நேரே உள்ளே போகட்டும். நேரம் வெகுவாக மிச்சமாகும்.

காப்ச்சாவும் ஓ.டி.பி.யும்

இங்கேதான் பையன் முக்கியமான கேள்வியைக் கேட்டான். "காப்ச்சா வந்தா என்ன பண்றதுக்கா?"

வளைந்து நெளிந்த எழுத்துக்களைப் படித்து அடிக்கச் சொல்லும் காப்ச்சா, வந்திருப்பது மனிதரா இயந்திரமா என்று பிரித்தறிவதற்கென்றே வைக்கப்பட்டது. அதை ஒரு புரோகிராம் தாண்டிவிட்டால் அது வைக்கப்பட்டதன் நோக்கமே போய்விட்டது. ஆகவே நேர்மையான சோதனைக்காரர் காப்ச்சாவை உடைப்பதில்லை. அவர் சோதிப்பது தன் நிறுவனத்தின் சொந்தத் தளத்தை. அதுவும் மக்கள் பயன்படுத்தும் தளத்தை விட்டு, அதன் நகலை. அந்த நகலில் காப்ச்சாவை அணைத்து வைக்கும்படித் தளத்தை எழுதியவரையே கேட்டுக்கொள்ளலாம். கூகுளின் ரீகாப்ச்சாவில் சோதனைக்கென்றே எப்போதும் "சரி" என்று சொல்லும் சாவிகளை வெளிப்படையாகவே கொடுத்திருக்கிறார்கள். ஓ.டி.பி.க்கும் அப்படியே, சோதனைக் கணக்குக்கு மாறாத எண் ஒன்றை நகலில் வைத்துக்கொள்வார்கள்.

இன்னொரு செய்தி என்னை வியக்க வைத்தது. வெப்டிரைவர் தரத்திலேயே ஒரு விதி இருக்கிறது. புரோகிராம் ஒன்று பிரௌசரை இயக்கும்போது, "நான் இயக்கப்படுகிறேன்" என்று பிரௌசர் ஒரு அடையாளத்தை உயர்த்திக் காட்ட வேண்டும். தளம் விரும்பினால் அதைப் பார்த்துக்கொள்ளலாம். அதாவது இந்தக் கருவியை உருவாக்கியவர்கள் முகமூடி இல்லாமல்தான் அதை அனுப்பியிருக்கிறார்கள். முகமூடி போடுவது பின்னால் வருபவர்களின் வேலை.

அதே சுத்தியல், வேறு கை

இனித் தட்கலுக்கு வருவோம். ஐ.ஆர்.சி.டி.சி. 2002 ஆகஸ்டில் இணையம் வழியாக டிக்கெட் கொடுக்கத் தொடங்கியது. லாலாகுடாவில் இருந்து செகந்திராபாத் கவுண்டருக்கு விடியற்காலையில் போய் வரிசையில் நின்ற காலம் போயிற்று என்று மகிழ்ந்தோம். ஆனால் வரிசை மறையவில்லை; கண்ணுக்குத் தெரியாமல் போனது, அவ்வளவே. கவுண்டர் வரிசையில் முண்டியடித்து முன்னால் போகிறவரைச் சட்டையைப் பிடித்து இழுக்கலாம். இந்த வரிசையில் புரோகிராம் முண்டியடிப்பது யார் கண்ணுக்கும் படுவதில்லை.

நாம் ஒரு பெயரை அடிக்கும் நேரத்தில் புரோகிராம் பெயர், வயது, கட்டண விவரம் எல்லாவற்றையும் நிரப்பி முடித்துவிடும். ஒரே ஆள் நூறு கணக்குகளில் ஒரே சமயத்தில் நுழைய முடியும். 2025-இல் ரயில்வே அமைச்சகம் வெளியிட்ட தகவலின்படி, தட்கல் திறந்த முதல் 5 நிமிடங்களில் வந்த லாகின் முயற்சிகளில் பாதி வரை இத்தகைய தானியங்கிகளுடையவை. சந்தேகத்துக்குரிய சுமார் 2.5 கோடிக் கணக்குகள் முடக்கப்பட்டதாகவும் அறிவித்தார்கள். அந்த ஆண்டு ஜூலை 1 முதல் ஆதாரால் உறுதி செய்யப்பட்ட கணக்குகளுக்கு மட்டுமே இணையத்தில் தட்கல் என்றும், ஜூலை 15 முதல் ஆதாரோடு இணைந்த கைபேசிக்கு ஓ.டி.பி. வரும் என்றும், முதல் அரை மணி நேரம் ஏஜெண்டுகளுக்கு இடமில்லை என்றும் விதிகள் வந்தன.

இதில் மாட்டிக்கொள்பவர்கள் தொழில்முறைத் திருடர்கள் என்று நினைத்தால் தவறு. தட்கல் புரோகிராம் எழுதி ஏஜெண்டுகளுக்கு விற்றதாக 2017 டிசம்பரில் சி.பி.ஐ. கைது செய்தது, தன்னிடமே உதவி புரோகிராமராக இருந்த ஒருவரை. அவர் அதற்கு முன் ஐ.ஆர்.சி.டி.சி.யில் வேலை பார்த்தவர். 2020 அக்டோபரில் தமிழ்நாட்டில் திருப்பூரில், தட்கல் பதிவை வேகமாக்கும் செயலிகளை உருவாக்கியதாக நன்கு படித்த இளைஞர் ஒருவரை ரயில்வே பாதுகாப்புப் படை கைது செய்தது.

1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 143-ஆம் பிரிவு, அனுமதியில்லாமல் டிக்கெட் வாங்கிக் கொடுப்பதைத் தொழிலாக நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறையோ, 10,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது. அதற்கு உடந்தையாக இருப்பவருக்கும் அதே தண்டனைதான். "இணைய டிக்கெட் வருவதற்கு முன் எழுதிய சட்டம் ஆயிற்றே, இதற்குப் பொருந்துமா?" என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. இணைய டிக்கெட்டுக்கும் பொருந்தும் என்று 2025 ஜனவரியில் தீர்ப்பு வந்துவிட்டது. இது போக, அனுமதியின்றிப் பிறர் கம்ப்யூட்டரில் நுழைவது பற்றி 2000-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டமும் இருக்கிறது.

மகள் இவ்வளவையும் சொல்லிவிட்டு, கடைசியில் சட்டத்தை விட்டுவிட்டு வேறொன்றைக் கேட்டாள். "உங்க பாட்டிக்கு உடம்பு சரியில்லாதப்போ போன வருஷம் உங்கம்மா தட்கல் கிடைக்காம ராத்திரி பூரா பஸ்ல போனாங்களே, அந்த சீட் எங்கே போச்சுன்னு நினைக்கிறே?" பையன் பதில் சொல்லவில்லை.

நம் வீடுகளுக்கு

பெற்றோருக்கு இரண்டு வார்த்தை. "கன்ஃபர்ம் டிக்கெட் வாங்கித் தருகிறேன், உங்கள் ஐ.ஆர்.சி.டி.சி. பெயரும் பாஸ்வேர்டும் கொடுங்கள், வரும் ஓ.டி.பி.யைச் சொல்லுங்கள்" என்று யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். உங்கள் கணக்கு அவருடைய நூறு கணக்குகளில் ஒன்றாகிவிடும். முடக்கப்படும்போது உங்கள் பெயர்தான் முடங்கும். அதே பாஸ்வேர்டை வங்கிக்கும் வைத்திருந்தால் ஆபத்து இன்னும் பெரிது. சாதாரண முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன் காலை 8 மணிக்குத் திறக்கிறது. பொங்கல் தேதி நமக்கு முன்கூட்டியே தெரிந்ததுதானே. கேலண்டரில் எண்ணிக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. கம்ப்யூட்டர் படிப்பு படித்தால்தான் இந்த வேலை என்பதில்லை. செலீனியமும் பிளேரைட்டும் இலவசம்; பயிற்சித் தளங்களும் இலவசம்; வீட்டில் ஒரு சாதாரணக் கம்ப்யூட்டர் போதும். வேண்டியது பொறுமையும், "இது உடைந்தால் எப்படி உடையும்?" என்று யோசிக்கும் குணமும். ஒரு விதியை மட்டும் மறக்காதீர்கள். உங்களுடைய கதவை, அல்லது தட்டிப் பார்க்கச் சொல்லி உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட கதவை மட்டும் தட்டுங்கள்.

எங்கள் தெருப் பையன் இப்போது பயிற்சித் தளத்துக்கு இருபத்திரண்டு சோதனைகள் எழுதியிருக்கிறான். ஒவ்வொன்றையும் ஒரு தடவை தோற்கடித்துப் பார்த்த பிறகே காட்ட வருகிறான். பணம் தருவதாகச் சொன்னவருக்கு என்ன பதில் சொன்னான் என்று நான் கேட்கவில்லை. போன வாரம் கல்லூரிக்கு வந்த நேர்முகத் தேர்வில் லாகின் பக்கத்தை எப்படிச் சோதிப்பாய் என்று கேட்டார்களாம். "சரியான பாஸ்வேர்டுல ஆரம்பிக்காம, தப்பான பாஸ்வேர்டுல ஆரம்பிச்சேன் மாமா" என்றான். முடிவு இன்னும் வரவில்லை.